சட்டி ஓட்டில் சிரித்த முகம்

கழுவக் கழுவ அந்தச் சட்டி ஓடு சிவந்துகொண்டே வந்தது. கிணற்றுக்கட்டில் வைத்துத் தேங்காய்த்தும்பால் தேய்த்தபோது, வெளிப்புறம் செங்கல் நிறத்திலும் உட்புறம் கரியாகவும் துலங்கியது. ஊறிய மண்ணின் மணம் மூக்கில் ஏறியது. பிறகுதான் முகம் தெரிந்தது. முக்கால் வட்டம், உள்ளே குழிவான ஒரு கண், மேல்நோக்கி வளைந்த வாய். மறுகண் இருக்கவேண்டிய இடத்தில் ஓடு உடைந்திருந்தது. அக்காவின் புதுக் கைத்தொலைபேசியில் நாள் முழுக்க வந்து விழுந்துகொண்டிருந்த மஞ்சள் ஸ்மைலி, மண்ணுக்குள் கிடந்து எழும்பி வந்ததுபோல என்னைப் பார்த்துச் சிரித்தது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. தீவகத்தில், சுருவில் என்ற ஊரில், எங்கள் வீட்டு வளவின் பின்மூலையில், கடலுக்குப் போகாத நாட்களில் அப்பா ‘கக்கூஸ்’ குழி வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு ஆழத்தில் சுண்ணக்கல் தொடங்குவதற்குச் சற்று மேலேதான் அந்த ஓடு என் கையில் அகப்பட்டது. வரலாற்றுப் புத்தகத்தில் கறுப்பு-சிவப்பு மட்பாண்டப் படம் ஒன்று உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பழைய துணி ஒன்றில் சுற்றி எடுத்துப்போய் எங்கள் வகுப்பு மேசையில் நடுவாக வைத்தேன்.

வரலாறு படிப்பித்த சேர் பட்டணத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். நல்லவர், ஆனால் ஏமாற்றப்படுவதைப் பொறுக்காதவர். ஓட்டை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பென்சில் பெட்டிக்குள் கிடந்த அழிறப்பரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அழிறப்பரிலும் அதே முகம்.

“ஓடு பழசு. முகம் நீர் கீறினது.”

“இல்லை சேர். நான் கீறேல்லை.”

“அந்தக் காலத்திலை ஆர், பிள்ளை, ஸ்மைலி கீறினது?”

வகுப்பே சிரித்தது. ஓடு மேசையிலிருந்து இறங்கியது. அன்று பின்னேரத்திற்குள் எனக்குக் ‘கள்ள ஸ்மைலி’ என்று பட்டம் வந்துவிட்டது. சைக்கிளில் வீடு வரும்வரை அடக்கிய அழுகையைக் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கொட்டிவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினேன். குழியிலிருந்து அள்ளிய மண் வேலியோரம் குவிந்து கிடந்தது. மிச்சத் துண்டு அதற்குள்தானே இருக்கவேண்டும்!

அம்மா பின்னாலேயே வந்து மண்வெட்டியைப் பறித்தார். “நீ கிண்டாதை. நீ எடுத்தால் அதையும் நீ கீறினதெண்டுதான் சொல்லுவினம். சொன்னவர் வந்து கிண்டட்டும்.”

அந்த மண்கும்பியைத் தொடாமல் இருந்த நாட்களைப்போல நீளமான நாட்களை நான் பிறகு கண்டதில்லை. ஆடு ஏறாமல் தென்னோலை போட்டு மூடினேன். ஒவ்வொரு நாளும் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன். முதல் நாள் சேர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரண்டாம் நாள் “வகுப்புக்குப் போம்” என்றார். மூன்றாம் நாள், மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் இருக்கையில், சொன்னேன்:

“சேர், நான் அந்த மண்ணைத் தொடேல்லை. நீங்கள் வந்து கிண்டுங்கோ. ஒண்டும் இல்லையெண்டால் வகுப்புக்கு முன்னாலை நான் பொய்க்காரி எண்டு நானே சொல்லுறன்.”

சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். பின்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அம்மா மா அரிக்கும் அரிதட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சேர் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு குந்தினார். முதலில் சிப்பிகள் வந்தன, பிறகு வெறும் ஓடுகள், ஒரு மீன் முள். வெயில் ஏறியது. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது, ஒருத்தி “போவமடி” என்றாள். நான் கைகளைப் பின்னால் கட்டியபடி மாமரத்தடியில் நின்றேன்.

கும்பி பாதிக்குமேல் குறைந்தபோது சேரின் கை நின்றது. உள்ளங்கையளவு துண்டு ஒன்று, மண் அப்பியபடி. அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். எல்லாரும் பின்னால் ஓடினோம். அவரே வாளியில் அள்ளி, அவரே கழுவினார். பெருவிரல் தேய்த்த இடத்தில் ஒரு குழி தெரிந்தது.

மறுகண்!

“அந்த ஓட்டைக் கொண்டாரும்” என்றார். இரண்டையும் அவரே சேர்த்தார். வட்டம் மூடிக்கொண்டது. வாயின் நுனி தன் இடத்தில் போய் அமர்ந்தது. முகம் முழுதாகச் சிரித்தது. “போவமடி” என்றவள்தான் முதலில் கத்தினாள். பிறகு எல்லாரும் கத்தினோம். அப்பா குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி, “என்ன, பாம்போ?” என்றார்.

சேர் ஈரக்கையோடு என்னைப் பார்த்தார். “பிள்ளை, நான் பிழை விட்டிட்டன்.” திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில், முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால், ஒலிவாங்கியில் அதையே திரும்பச் சொன்னார். அவ்வளவு பேர் கைதட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவர் எழுதிப்போட்டுத்தான் தொல்லியல் அதிகாரிகள் வந்தார்கள். தீவிலுள்ள எந்தக் கோயிலையும்விட அது பழையது என்றார்கள். கீறியவருக்கு அது முகமோ, பிறையும் இரண்டு நட்சத்திரங்களுமோ, சட்டி தன்னுடையது என்று காட்ட இட்ட அடையாளமோ, யாருக்குத் தெரியும் என்றார்கள். பிறகும் கிண்டவேண்டி வரலாம் என்று அவர்கள் சொன்னதால், கல்லுடைத்து வெட்டிய குழியை அப்பா தானே மூடிவிட்டு, வளவின் மறுமூலையில் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஒரு சொல் முணுமுணுக்கவில்லை.

இன்று அந்த வளவு வேறொருவருடையது. மதில் கட்டி, சீமெந்து போட்டு மெழுகிவிட்டார்கள். எங்கள் கிணறு தூர்ந்துபோயிற்று. சேர் கடல்கடந்து போய்விட்டார். கூடக் கத்தியவர்களும் ஆளுக்கொரு நாட்டில். போன மாதம் பட்டணத்து அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு துண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அருகே ‘கீறல் உள்ள மட்பாண்டத் துண்டு, தீவகம்’ என்று ஒரு சின்ன அட்டை. நான் நகராமல் நின்றதைக் கண்டு காவலாளி வந்தார்.

“என்ன அக்கா, அப்பிடிப் பாக்கிறியள்?”

“இதிலை ஒரு பாதி நான் எடுத்தது, தம்பி.”

“மற்றப் பாதி?”

“நான் பொய் சொல்லுறன் எண்டு சொன்னவர் எடுத்தது.”

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்த் தன் கதிரையைத் தூக்கிவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

“இருந்து சொல்லுங்கோ அக்கா.”