மாமாவின் காரும் ஒரு சொட்டு கியூட்டெக்ஸும்

ரோஜா மாலை மணமும் பெற்றோல் மணமும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கல்யாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில் பெண் வீட்டுக்குப் போயிருந்தேன். வருங்கால மாமனாருக்கு ஒரே ஒரு கவலைதான். மாப்பிள்ளையைத் தன் சொந்தக் காரில் ஏற்றிவர வேண்டும். அந்தக் காரோ, கல்யாண ஹோலுக்கு ஏறும் சின்ன மேட்டிலேயே மூச்சு வாங்கும் கிழட்டுக் கார்.

"வாடகைக்கு ஒண்டு பிடிப்பம் அப்பா" என்று மகன் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

எனக்குக் கார்ப் பைத்தியம். சும்மா இருப்பேனா?

"மாமா, டைமிங்கைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துப் பாப்பமே?"

பொனட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டை இளக்கி, மூடியைக் கையால் பிடித்து மயிரிழை திருப்பினேன். பொறி கொஞ்சம் முந்தி விழும், இழுவை கூடும், அவ்வளவுதான் விஷயம். இறுக்கி, மேட்டில் ஓட்டிப் பார்த்து, தட்டுகிற சத்தம் கேட்டால் திரும்பவும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து... இப்படி நாலு தரம்.

சரியான இடம் அகப்பட்டதும் அடையாளம் வைக்க வேண்டும். "பெயின்ற் இருக்கா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து மணப்பெண் வாணி வந்தாள். கையில் சிவப்புக் கியூட்டெக்ஸ் குப்பி.

"இது காணுமோ?"

"காணும். ஒரு சொட்டே போதும்."

எங்கள் முதல் பேச்சுவார்த்தை இதுதான். அவளது நகப்பூச்சில் ஒரு கோடு... பாதி டிஸ்ட்ரிபியூட்டரில், பாதி எஞ்சினில்.

மாமா மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டுக் குழந்தைப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "தம்பி, இன்னும் கொஞ்சம் திருப்பினா இன்னும் பறக்குமே?"

"ஐயோ வேண்டாம் மாமா. கூடினா எஞ்சின் தட்டும். சூட்டில ஸ்டார்ட்டும் வராது."

"ஓம் ஓம்" என்றார்.

கல்யாண நாள். வழக்கப்படி பெண்ணின் தம்பி தோழனாக வெள்ளவத்தைக்கு வந்து என்னை அழைத்தான். கார்ச் சாவியை யாருக்கும் கொடுக்காமல் மாமாவே ஓட்டி வந்திருந்தார். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் கனத்த மாலை... பின் சீட்டில் நான் கொலுப்பொம்மை மாதிரி.

காலி வீதியில் அவர் அக்சிலரேட்டரை அமத்தியபோதெல்லாம் எஞ்சினுக்குள் சரளைக்கல் குலுங்குகிற சத்தம். நான் வைத்த அளவில் இந்தச் சத்தம் வராதே! மாப்பிள்ளை வாய் திறந்து கார் கதை கதைக்கிறதா? மாலையைச் சரிசெய்துகொண்டேன்.

வழியில் பிள்ளையார் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். மாமா சாவியைத் திருப்பினார்.

உக்... உக்... டக்!

எஞ்சின் சுற்ற மறுத்து உதைத்தது. இன்னொரு தரம். அதே உதை. பின்னால் வந்த உறவுக்காரர்களின் வான்கள் ஒவ்வொன்றாக நின்றன. முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம். ஒரு திரீவீல்காரர் எட்டிப் பார்த்து, "மொகத அய்யே, தல்லு கரமுத?" என்றார். தள்ளுவோமா என்று கேட்கிறார்! மாப்பிள்ளை வந்த காரைத் தள்ளுவதா? மாமாவுக்கு முகம் செத்துப்போய்விட்டது.

மாலையைக் கழற்றித் தோழனிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். பொனட்டைத் தூக்கினால்... கியூட்டெக்ஸ் கோடு இரண்டும் சந்திக்கவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் பாதி ஓரிடம், எஞ்சின் பாதி வேறிடம். இடையில் ஒரு விரற்கடை.

நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். மாமா கோபுரத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தோழன் எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டான். "அத்தான், நீங்கள் அண்டைக்கு நோண்டினதாலதான் இது!"

ஒரு கணம்தான். "ஓம் தம்பி, நான் கொஞ்சம் கூட்டிப் போட்டன்" என்றேன்.

டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்துக் கோட்டோடு கோட்டைச் சேர்த்து இறுக்கினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. தெருவே கைதட்டியது. மாமா தன் தோளில் கிடந்த புதுப் பட்டுச் சால்வையை இழுத்து என் கைக் கறுப்பைத் துடைத்தார். நான் தடுத்தும் விடவில்லை.

கொட்டாஞ்சேனை மேட்டைக் கார் ராஜா மாதிரி ஏறியது.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாக வாணி வீட்டாருக்கு நான் "மெக்கானிக் மாப்பிள்ளை". எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "காரை நோண்டிப் போடாதையும்!" என்று ஒருவராவது சொல்லிச் சிரிப்பார். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தக் கோட்டைப் பற்றி நானும் மூச்சு விட்டதில்லை, அவரும் விட்டதில்லை. ஆனால் அவர் வீட்டில் நண்டுக் கறி வைத்தால் பெரிய கால் எப்போதும் என் சோற்றுக் கோப்பையில்தான். மாமா போய் ஆறு வருஷமாகிறது.

போன கிழமை மகள் ஹைபிரிட் கார் எடுத்தாள். ஆசையாகப் பொனட்டைத் திறந்தேன். பிளாஸ்டிக் மூடி ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. டைமிங்கைக் கம்பியூட்டரே பார்த்துக்கொள்ளுமாம். நல்ல கார்தான்... ஆனால் அதற்குள் மயிரிழை திருப்ப எனக்கு ஒன்றுமே இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனம் பொறுக்காமல் வாணியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"எனக்குத் தெரியுமே. அப்பா ஹோலுக்கு வந்த உடனேயே நான் இருந்த அறைக்கு வந்தவர். சால்வையெல்லாம் கறுப்பு. 'பிள்ளை, திருப்பினது நான். பழியை அவர் எடுத்துக்கொண்டார். நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை' எண்டவர்."

எங்கள் கல்யாண அல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் தலை குனிந்திருப்பாள். தாலி கட்டுகிற படத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். என் கறுத்த விரல்களைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.