பிள்ளைத்தாச்சிகளை ஏற்றி வந்த நானா

அபூபக்கர் நானா போய்விட்டார்.

காலையில் வார்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். "நானா மௌத்தாயிட்டாரும்மா. அஞ்சு நாளா காய்ச்சல். அசர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஐந்து மணி வரை டியூட்டி. டியூட்டி இல்லாவிட்டாலும் ஒரு பெண்பிள்ளை அங்கே போய் நிற்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்...

அவரைத் தெரியாதவர்களுக்காக: நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நாகூர்க்காரர். ஈப்போவில் மளிகைக் கடை. வாரம் இரண்டு தடவை சிம்மோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றுக்கு மாட்டுவண்டியில் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் கொண்டுபோவார். திரும்பும்போது வண்டி காலி.

அந்தக் காலி வண்டியில்தான் வலி கண்ட பெண்களை எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவார். பத்து மைல். நான் இங்கே பிரசவ வார்டில் நர்ஸ்.

முதல் தடவை அவர் வந்து நின்றது நினைவிருக்கிறது. என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு, மறுபடி கழற்றி... "தங்கச்சி, வண்டில ஒரு புள்ளத்தாச்சி இருக்கு. ரெண்டு நாளா வலி. கங்காணி ஏத்தி உட்டுட்டாரு."

வண்டியைப் போய்ப் பார்த்தேன். கோணிச் சாக்குகளுக்கு மேல் புது ஜமுக்காளம், கடையில் விற்க வைத்திருந்தது. சுற்றிலும் தன் கைலிகளைத் திரை மாதிரி கட்டியிருந்தார். அந்தப் பெண்ணும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஜமுக்காளம் வீணாய்ப் போனது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அதற்கப்புறம் எத்தனை பேர்... நான் எண்ணி வைக்கவில்லை.

அஞ்சலையைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இனிச் சொன்னால் அவர் காதுக்குப் போகாது.

அஞ்சலைக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒன்பதாம் மாதத்திலும் ரப்பர் பால் வெட்டுக்குப் போனவள். கால் வீங்கி, முகம் வீங்கி, தலைவலி என்று பத்து நாளாகச் சொல்லியிருக்கிறாள். அன்று விடியற்காலை வேலைக்குப் போகும்போது வழியிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டாள்.

துரையின் மோட்டார் பங்களாவில்தான் நின்றது. கேட்கலாம் என்றுகூடக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வெட்டுக்குப் போகிறவர்களை அனுப்ப முடியாது என்று கங்காணி புருஷனையும் நிறுத்திக்கொண்டார். முந்தின நாள் சரக்கு இறக்கிவிட்டு அங்கேயே தங்கியிருந்த நானா தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

வண்டி வந்து சேரும்போது பகல் பதினொரு மணி. நான் திரையை விலக்கிக் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. விரல்கள் விறைத்திருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் இரண்டு மணி நேரமாவது இருக்கும் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

நானா மாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"நா பேசிக்கிட்டேதான் வந்தேன் தங்கச்சி. இந்தா பாலம் வந்துருச்சு, இந்தா கடைத்தெரு வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். பொம்பளப் புள்ளையாச்சேன்னு திரும்பிப் பாக்கல. அது எங்கன போச்சு?"

"வாசலுக்கு வந்தப்பறம்தான், நானா" என்றேன்.

பொய். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் அதை நம்பினாரா என்றும் தெரியாது. தலையாட்டினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். போய்விட்டார்.

அடுத்த தடவை எஸ்டேட்டில், இன்னொரு பெண் கூட வந்தால்தான் ஏற்றுவேன் என்று வண்டியை ஆபீஸ் முன்னால் அவிழ்த்துப் போட்டுவிட்டாராம். வேறு வழியில்லாமல் ஒருத்தியை அனுப்பினார்கள்.

அதற்கு அடுத்த தடவை, கூட ஆள் கேட்பாரென்று அவருக்குச் சொல்லியே விடவில்லை. வலி கண்டவள் லயத்திலேயே போய்விட்டாள். அரிசி இறக்கப் போனபோதுதான் அவருக்கே தெரியும்.

இங்கே வந்து பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "நா வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா இங்க வந்து சேந்திருக்கும்லா."

அப்புறம் தனியாகவே ஏற்றி வர ஆரம்பித்தார். "இப்ப திரும்பித் திரும்பிப் பாக்குறேன் தங்கச்சி. அவுக வெக்கப்பட்டா படட்டும்."

அவருடைய தங்கச்சி சித்தியவானில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது தெரிந்தால் சேதி சொல்லிவிடுங்கள்.

மூன்று மணிக்கு அந்த எஸ்டேட்டிலிருந்து ஒருவன் நடந்தே வந்திருந்தான். சட்டையெல்லாம் செம்மண். நேராக என்னிடம் வந்தான்.

"அக்கா, கடை பூட்டிக் கெடக்கு. நானா எப்ப வருவாரு? எம் பொஞ்சாதிக்கு இதுதான் மாசம். கால்ல வீக்கம் இருக்கு."

சொன்னேன்.

"அப்ப யாருகிட்ட சொல்லி வைக்கிறது?"

எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். உடனே அனுப்பி வைக்கும்படி, 'கால் வீக்கம்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டு. அவன் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பப் பத்து மைல் நடக்கக் கிளம்பினான். டிரஸ்ஸர் படிப்பாரா, படித்தாலும் யார் வண்டியில் அனுப்புவார்... எனக்குத் தெரியவில்லை.

இப்போது அடக்கம் முடிந்திருக்கும்.

படுத்துத் தூங்குங்கள், நானா.