வயிற்றுக்கட்டுக்குப் போன துணி

என் மகள் பிறந்தபோது இரண்டு கிலோகூடத் தேறவில்லை. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். முடிந்த நேரமெல்லாம் குழந்தையை உன் நெஞ்சோடு ஒட்டி வைத்திரு. அடுத்த தடவை வரும்போது எடை ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் கண்ணாடிப் பெட்டிதான். அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று அவளைப் பார்த்தவள் நான். இன்னொரு தடவை அவளை அதற்குள் விட என்னால் முடியாது.

அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே போனில் ஒரு துணி ஆர்டர் பண்ணியிருந்தேன். சாம்பல் நிறம், பனியன் துணிபோல இழுத்தால் நீளும். தோளிலும் இடுப்பிலும் குறுக்கே சுற்றிக் கட்டினால் நெஞ்சில் ஒரு பை வரும், அதில் குழந்தை இருக்கும். மூக்கு மூடாமல், தலை கவிழாமல் எப்படி வைப்பது என்று வார்டில் ஒரு நர்ஸ் காட்டித் தந்திருந்தாள்.

பாறசாலைக்குப் பக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்தோம். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளின் உடம்பு அவளுக்குச் சொந்தமில்லை. குளிப்பாட்டுவதற்கென்றே ஓர் அக்கா வருவார். தைலத்தை ஊற்றித் தேய்ப்பார், இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை இடுப்பில் வீசி அடிப்பார், கடைசியில் நீளமான வேட்டியால் வயிற்றை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுவார். கட்டாவிட்டால் வயிறு சாடிவிடுமாம், அதாவது தொப்பை விழுந்துவிடுமாம். சாடுவது என்றால் எங்கள் பேச்சில் குதிப்பது. அது குதித்து எங்கே போகும் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும்.

பார்சல் வந்தபோது நான் குளியலறையில் கண்ணில் தைலம் வழிய நின்றுகொண்டிருந்தேன். அம்மா அதைப் பிரித்துப் பார்த்து நேராக உள்ளே கொண்டுவந்து அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

"கொள்ளாமே! நல்லா இழுபடுது. பாலராமபுரம் வேட்டிகூட இந்தப் பிடி பிடிக்காது கேட்டியளா," என்று மெச்சினார் அக்கா. நான் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் துணி என் வயிற்றைச் சுற்றி முழுதாக ஏறிவிட்டது.

"அவுருங்க. அது பிள்ளைக்கு வாங்குனது."

"பிள்ளைக்கு எதுக்கு மக்கா இம்புட்டு நீளம்? நீ வயிறு கெட்டத்தானே வாங்குன?" என்றாள் அம்மா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். எதற்கென்று சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"துணியில பிள்ளைய கெட்டித் தூக்குகது பனச்சமூட்டுச் சந்தையில பிச்சை கேட்டு வாறவளுவ ஆக்கும். உனக்கு வீடு உண்டு, கட்டில் உண்டு. சும்மா எடுத்து எடுத்து வச்சா பிள்ளைக்குக் கைச்சூடு பழகிரும், பொறவு கீழ கெடக்காது," என்றாள் அம்மா.

பழகட்டும் என்றுதானே டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்! தாயின் சூடு பழகுவதைக் கெட்ட பழக்கம் என்று முதலில் சொன்ன மனிதர் யாரோ, கையில் கிடைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். "அம்ம சொல்லுகத கேளு, அவியளுக்கு அனுபவம் உண்டுல்லா," என்றார். அனுபவம் உள்ளவர்களோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டேன்.

துணியை நானே அவிழ்த்தேன். தைலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. சோப்பு போட்டு அலசிக் காயவைத்து, மறுநாள் காலையில் நர்ஸ் காட்டியபடி சுற்றிக் கட்டி அவளை உள்ளே வைத்தேன். கொஞ்சம் நெளிந்தாள். பிறகு காதை என் நெஞ்சில் வைத்துத் தூங்கிப்போனாள். இவ்வளவு சின்ன உயிருக்கு இவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் எல்லோர்மேலும் கோபமாக இருந்த அந்த நேரத்திலேயே எனக்கு அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

வயிற்றுக்கட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குளிப்பாட்டும் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அம்பூரியிலிருந்து ஏத்தன் வாழைக்குலையோடு வந்த சித்தி, குழந்தையைப் பார்க்கும் முன்னே என் நைட்டியைத்தான் மேலும் கீழும் பார்த்தாள். "கெட்டலியா? இப்பவே சாடிருச்சே மக்களே." பிள்ளை எப்படி இருக்கிறது, பால் குடிக்கிறதா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை பிழைக்குமா என்று நான் செத்துக்கொண்டிருந்தேன், இவர்களுக்கு என் இடுப்புதான் கவலை. "பிள்ளைய பாக்க வந்தியளா, வயித்தப் பாக்க வந்தியளா?" என்று கேட்டேவிட்டேன். அம்மாவுக்கு அது பெரிய நாணக்கேடு. அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

எடை பார்க்கும் நாள் வந்தது. குழந்தையைத் துணியோடு கட்டிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன். அம்மாவும் கூட வந்தாள். தராசில் கிடத்தினேன். எடை ஏறியிருந்தது. டாக்டர் நினைத்ததைவிட அதிகம். பெட்டி வேண்டாம், இப்படியே தொடர்ந்து செய் என்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வெளியே வந்ததும் அம்மா யாருக்கோ போன் பண்ணினாள். "தைலம் தேய்ச்சுக் குளிப்பாட்டுனதுக்க பலனாக்கும்." நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை மறுபடி கட்டிக்கொண்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா கொஞ்ச நேரம் துணிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் ஒரு பிராவிசியம் கெட்டித் தா மக்கா. நான் இத்திரிநேரம் வச்சுக்கிடுதேன்."

ஒரே ஒரு முறை, கொஞ்ச நேரம். அம்மா என்னிடம் இத்தனை தணிந்து கேட்டது அதுதான் முதல் தடவை. கொடுத்திருக்கலாம் என்று இதைக் கேட்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

"தர மாட்டேன்," என்றேன்.