கட்டிங் மாஸ்டரின் இடது குதிகால்

மாஸ்டரின் இடது கை ஆறு மடிப்புத் துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையிலிருந்த கத்திரி சாக்பீஸ் கோட்டை விட்டு நூலளவும் விலகாமல் ஓடியது. அத்தனையையும் அவர் வலது காலில் நின்றபடியே செய்தார். இடது குதிகால் தரையில் படவில்லை.

அந்தத் தையல் கடையில் துணி அழுக்காகக் கூடாது என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், சிமெண்டுத் தரையில் வெறுங்கால். நான்கு மாதமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறினாற்போல் வலி. கொஞ்சம் நடந்தால் குறையும், சாயங்காலம் திரும்ப வரும்.

முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இந்த மாசம் வரைக்கும் பாப்போம் மாஸ்டர். சரியாகலைன்னா நீங்க உக்காந்து பட்டன் தைங்க. மேசைக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

மறுநாளே மாஸ்டர் டாக்டரிடம் போனார்.

எக்ஸ்ரேயில் குதிகாலெலும்பில் சின்ன முள் தெரிந்தது. "வளந்ததை வெட்டிட வேண்டியதுதானே?" என்றார் மாஸ்டர். வெட்டியே பிழைப்பவர் வேறு என்ன சொல்வார்? டாக்டர் அதெல்லாம் வேண்டாம் என்று பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் போகவில்லை. கடையிலேயே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். கோட்டின் தோளுக்கு வைக்கும் பஞ்சுத் திண்டு ஒன்றை எடுத்து, புதிதாக ஒரு சாக்ஸ் மாட்டி, அதற்குள் குதிகாலடியில் செருகிக்கொண்டார். மெத்தென்று இருந்ததாம்.

தோள் திண்டு ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிவாகவும் இருக்கும். மூன்றாம் நாள் துணிக்கட்டோடு படி இறங்கும்போது பாதம் சாய்ந்து, கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது.

மாஸ்டர் எங்களுக்குப் பக்கத்து வீடு; நான் நர்ஸ் என்பதால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது அவர் மனைவி எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பை அணை. முதல் ரெண்டு நாள் சூடும் கூடாது, தேய்க்கவும் கூடாது," என்றேன்.

வெளிக்கணுக்கால் உப்பியிருந்தது. இரண்டு பக்கக் கணு எலும்பையும், பாதத்தின் வெளி ஓரத்தையும், உள்பக்க நடு எலும்பையும் அழுத்திப் பார்த்தேன்; எங்கும் கத்தவில்லை. நான்கு அடி நடக்கவும் முடிந்தது. எலும்பு தப்பித்தது, எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் நார்தான் இழுபட்டிருக்கிறது. துணியில் சுற்றிய ஐஸைக் கால் மணி நேரம் வைத்தேன். விரலடியிலிருந்து மேல்நோக்கிக் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்தேன்.

"ஊருக்கே அளவு பாத்துத் தைக்கிற மனுஷன், காலுக்குத் தோள் வச்சிருக்காரு," என்றாள் மனைவி.

"நீ வேற," என்றார் மாஸ்டர்.

அடிபட்ட நாலாம் நாள் நானும் அவர் மனைவியுமாக அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த பெண் முதலில் கணுக்காலைச் சோதித்தாள். பிறகு கட்டைவிரலை மேலே வளைத்து, குதிகாலின் உள்ளோரத்தை அழுத்தினாள். மாஸ்டர் துள்ளிவிட்டார்.

"இங்கேருந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை ஓடுது சார். ராத்திரி சுருங்கிக் கிடக்கும். நீங்க எழுந்து பொசுக்குன்னு நின்னா, அது ஒட்டியிருக்கிற இடத்துல சுண்டி இழுக்குது."

மாஸ்டர் யோசித்தார். "பிடிப்பாத் தைச்ச சட்டை. கையைத் தூக்கினா அக்குள்ல தையல் விடும். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப முள்ளு?"

"வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கு. அதை மறந்துடுங்க."

"வெட்டிப் பிரயோஜனமில்ல. தளர்த்தி விடணும்," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

"சில மாசம் ஆகும். பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாயிடும். ஆனா வெறுங்கால்ல நிக்கவே கூடாது."

அங்கிருந்து நேராக, நொண்டிக்கொண்டே கடைக்குப் போனார். "கடைக்குள்ள மட்டும் போட ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கிக்கறேன் முதலாளி. வெளிய ஒரு அடி மிதிக்க மாட்டேன். மூணு மாசம் டைம் குடுங்க."

"எல்லாரும் கேப்பாங்களே மாஸ்டர்."

"கேக்கட்டும். அவங்களுக்கும் குதிகால் இருக்கில்ல."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தார். அவர் இல்லாத நான்கு நாளில் வேறு ஒருவர் வெட்டிய சட்டைக் கைகள், நீளம் சரியில்லாமல் ஒரு மூலையில் குவிந்திருந்தன. "சரி. மூணு மாசம். வீக்கம் வடிஞ்சதும் வாங்க."

மறுநாள் காலை மாஸ்டர் படுக்கையை விட்டு உடனே இறங்கவில்லை. பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்தபடி காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைப் பாதத்தின் முன்பக்கம் மாட்டித் தன் பக்கம் இழுத்தார். மனைவி முப்பது வரை எண்ணினாள்.

"மெதுவா எண்ணு. ரயிலா பிடிக்கப் போற?"

மூன்று முறை. பிறகு கட்டிலடியில் தயாராக இருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. நேத்து அளவு இல்ல," என்று சொல்லிவிட்டு, பல் துலக்கப் போனார்.