ஆள் இருக்கிற மரம்

கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மரத்தை மூன்று தட்டுத் தட்டிவிட்டு மாயவன் காதை அடிமரத்தில் ஒட்டவைக்கிறார். கண்கள் மூடிக்கொள்கின்றன. பிறகு, அடுத்த வீட்டு வாசலில் நிற்கிறவரைப் போல மெதுவாகக் கேட்கிறார்: "உள்ள ஆளு இருக்கா?"

பதில் மரத்திடமிருந்து வர வேண்டும். வரும்வரை பக்கத்தில் நிற்பவர்கள் பேசக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது. ஈரச் சாக்கைக் குத்தினாற்போல அடக்கமாகச் சத்தம் வந்தால் "ஆளு இருக்கு" என்று நகர்ந்துவிடுவார். வெறும் பானையைத் தட்டினாற்போல ஓசை ஓடினால் "வூடு காலி". அப்போது மட்டும் ஒரு காரியம் செய்வார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மரத்துக்கு ஒரு கும்பிடு போடுவார். கோயிலுக்குள்ளேயே செருப்போடு நுழைந்து திட்டு வாங்குகிற மனிதர் அவர். "சாமிக்குக் கழட்ட மறந்துடும், செத்த மரத்துக்கு மட்டும் தானா கழண்டுக்கும்" என்று அவர் மனைவி செல்வம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையோரப் படுகை நிலங்களில் பட்டுப்போன மரங்களை வாங்கி வெட்டி, செங்கல் சூளைகளுக்கு விற்பது மாயவனின் தொழில். அறுபதை நெருங்குகிற உடம்பு; எலும்பும் நரம்பும்தான். பட்டையில் உரசி உரசி இடது காது மடல் காய்த்துப்போயிருக்கிறது. இளவயதில் வருஷத்துக்கு ஒரு மரம் கிடைப்பதே பெரிது. மீதி நாளெல்லாம் கரும்பு வெட்டப் போவார். இப்போது கரும்புக்குப் போக நேரமில்லை. தொழில் இவ்வளவு நன்றாக நடப்பது அவருக்குப் பயமாக இருக்கிறது. அதை மறைப்பதும் இல்லை.

"ஆறு எறங்கிப்போச்சுங்க" என்பார். லாரி லாரியாக மணல் போய்ப் போய் ஆற்றின் தரை ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே போய்விட்டது. கையால் தோண்டினாலே ஊறிய தண்ணீர் இன்று எங்கோ ஆழத்தில் இருக்கிறது. கரையோரத்து மருத மரங்களின் வேர்கள் மண்ணை விட்டு வெளியே வந்து, ஆறு இருந்த இடத்தைப் பார்த்து அந்தரத்தில் தொங்குகின்றன. வெள்ளம் வராமலும் இல்லை. ஒரே மூச்சில் வருகிறது, ஒரே மூச்சில் வடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் நீர் மெல்ல மெல்ல இறங்கும். அது விட்டுப்போன வண்டலில் விதை ஒட்டிக்கொண்டு, ஈரம் கீழே போகப் போகக் கன்றும் பின்னாலேயே வேர்விட்டுப் போகும். இப்போது விதையும் வெள்ளத்தோடு கடலுக்குப் போகிறது. படுகை முழுக்க நடந்து பாருங்கள், கிழ மரங்கள்தான் நிற்கின்றன. கன்று ஒன்றுகூடக் கண்ணில் படாது.

மருதின் பட்டை வேறு வெளுத்து, வழவழவென்று, ஆள் தோல் மாதிரி இருக்கும். காற்றே இல்லாத உச்சிவெயிலில் தொடைப் பருமனுள்ள கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து விழும். மாயவன் அங்கே சீட்டியடிக்க மாட்டார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "கூப்புட்டா வேற எதுனாச்சும் திரும்பிப் பாக்கும்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தால், முகத்தில் சிரிப்பு இருக்காது.

படுகையின் கோடியில், ராஜராஜன் என்பவரின் நிலத்தில் பெரிய மருது ஒன்று நிற்கிறது. பிள்ளை வேண்டுகிறவர்கள் அதில் துணித் தொட்டில் கட்டி, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் படுக்கவைப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு பெற்றவளே வந்து தன் கையால் அவிழ்க்க வேண்டும். அதுவரை வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. மாயவனின் மகள் பிரவீணாவும் ஒரு பச்சைத் தொட்டில் கட்டியிருக்கிறாள். வேப்பந்தட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை கரு தங்காமல் போனது. இந்த முறை ஏழு மாதம் தாண்டி, வளைகாப்பு முடிந்து அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

அவள் வந்த தை மாதத்தில்தான் அந்த மரம் பூத்தது. சித்திரை கழித்துப் பூக்க வேண்டியது, இலை தெரியாமல், தேன் வாசம் ஊருக்குள் அடிக்கிற அளவுக்குப் பூத்துத் தள்ளியது. மரம் வரம் கொடுக்கிறது என்று சேதி பரவியது. சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்தவர்கள்கூட வேன் பிடித்து இங்கே வந்துவிட்டார்கள். கிளை கொள்ளாத தொட்டில்கள். காற்றில்லாத நேரத்திலும் ஒன்றிரண்டு ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே கல் புரள்வது கேட்கும்.

ஊர் கொண்டாடிய அந்த நாட்களில் மாயவனுக்குச் சோறு இறங்கவில்லை. பருவம் தப்பி அப்படிக் கொட்டிப் பூத்த மரங்களை அவர் நிறைய வெட்டியிருக்கிறார். "போறதுக்கு முன்னாடி இருக்கறதயெல்லாம் எடுத்துக் குடுத்துட்டுப் போவும்" என்று செல்வம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"வாய மூடுங்க. புள்ளத்தாச்சி வூட்டுல இருக்கா."

மூடிக்கொண்டார். மறுநாள் முள் வெட்டிவந்து மரத்தைச் சுற்றி அகலமாக வேலி போட்டார். உதிர்ந்த பூவை மிதித்தால் வரம் பலிக்காது, தொட்டிலை வேலியில் கட்டினாலே போதும் என்று கூசாமல் புளுகினார். ஊர் அதையும் நம்பித் தள்ளி நின்று கும்பிட்டது.

மாசியில் ஒரு மதியம் பெரிய கிளை ஒன்று முறிந்து வேலிக்குள் விழுந்தது. ராஜராஜன் பதறி மாயவனை வரச் சொன்னார். பிரவீணாவும் கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்றால் கேட்கிற பெண்ணில்லை. வேலிக்கு வெளியே இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார் ராஜராஜன். "காலின்னா இந்த வாரமே வெட்டிடுவோம். ஆளு இருக்குன்னா யாரும் தொட வேணாம்."

மாயவன் உள்ளே போய்த் தட்டினார். மரத்தில் தொங்கிய கற்களெல்லாம் ஒருமுறை கலகலத்து அடங்கின. பிரவீணா வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். அவர் காதை ஒட்டவைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். வழக்கத்தைவிட வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"என்ன மாயவன்?"

காதை எடுக்காமலே சொன்னார்: "ஆளு இருக்குங்க."

ராஜராஜன் நிம்மதியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். "வேலிய இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போட்டுடறேங்க" என்றார் மாயவன், போகிறவரின் முதுகைப் பார்த்து. பூவைப் பற்றிப் புளுகியதைச் சேர்க்காவிட்டால், மரத்தின் பெயரில் அவர் சொன்ன முதல் பொய் இதுதான்.

முள் சிதறிக் கிடந்த தரையில் நடந்து வெளியே வந்தார். பிரவீணா மரத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால்கள். செருப்பு இரண்டும் வேலியோரம் ஜோடியாகக் கிடந்தன. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. தாழ்ந்த கிளையில் பச்சைத் தொட்டில் மெல்ல ஆடியது. காற்று இல்லை.

அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக் குனிந்தாள். செருப்புகளை எடுத்துவந்து, கால் நுழைக்க வசதியாக அவர் முன்னால் திருப்பி வைத்தாள்.

"போட்டுக்கப்பா" என்றாள்.