லெட்சுமி அக்காவின் மருந்து ஸ்டோர்

கூலிமில் ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மண்ணைக் கெடுக்காமல் பயிர் செய்கிறார்கள் என்று சிறுதோட்டக்காரர்களுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது என் கடைசி சில வருட வேலை. சான்றிதழ் இல்லாதவர்களின் பழத்தை ஆலை எடுக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

செர்டாங்கில் லெட்சுமி அக்காவுக்கு மூன்று ஏக்கர். ஆடிட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருடைய விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: களைமருந்து வைக்கும் ஸ்டோரின் படம்.

“நான் மருந்தே அடிக்கிறதில்லையே தம்பி! புல்லயெல்லாம் ஆடு தின்னுடுது.”

மேனேஜருக்குப் போன் போட்டேன். “ஸ்டோர் இல்லன்னா ஃபெயில்லா. ஆடுன்னு எழுத பாரத்துல எடமில்ல,” என்றார்.

வேறு வழியில்லை. ஆட்டுக்கொட்டகையின் ஒரு மூலையைத் தகரம் வைத்து அடைத்தோம். கதவு போட்டு, ‘அபாயம், விஷம்’ என்று மலாயில் பலகையும் மாட்டினோம்.

“உள்ள ஒரு போத்தல் மருந்தாவது வைக்கலாமா அக்கா?”

“ஆடு செத்தா நீ வந்து புல்லு திம்பியா?”

போத்தல் இல்லாமலேயே படம் எடுத்தேன்.

ஆடிட் செய்ய வந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். ஸ்டோர் கதவைத் திறந்தார். எப்படியோ உள்ளே புகுந்திருந்த கிடா ஒன்று, சுவரில் நான் ஒட்டிய பாதுகாப்பு விதிகளை மென்றுகொண்டிருந்தது. பாதித் தாள் ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டது.

“இது என்ன?” என்று மலாயில் கேட்டார்.

“என் வேலையாள்,” என்றார் அக்கா, அவரும் மலாயிலேயே. “புல் வெட்டுவது இவன்தான்.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஸ்டோரில் காற்றோட்டம் இல்லை என்று எழுதத் தொடங்கினார்.

“மருந்தே இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா காத்து?” என்றார் அக்கா, இம்முறை தமிழில். அதை நான்தான் மலாயில் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் பேனா நின்றது. “மருந்தே அடிப்பதில்லையா? பிறகு ஏன் ஸ்டோர் கட்டினீர்கள்?” தன் விதிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். மருந்து பயன்படுத்தாதவர்களுக்கு ஸ்டோர் தேவையில்லை என்று தெளிவாக இருந்தது. எங்கள் கம்பெனி பாரம் அச்சடித்தபோது அந்த வரியை விட்டுவிட்டது. நானும் மூல விதியைப் படிக்கவே இல்லை.

அக்கா பாஸானார். “அப்ப இந்தத் தகரத்தப் பிரிச்சிருடா தம்பி,” என்றார். பிரித்தேன்.

மறுவாரம், அதே பாரத்தை நான் கொடுத்திருந்த மற்ற வீடுகளுக்குப் போனேன். அக்காவைப்போல மருந்தே அடிக்காத ஆறு பேர், படம் எடுப்பதற்காகவே களைமருந்து வாங்கி வைத்திருந்தார்கள். வாங்கியதை வீணாக்குவானேன் என்று அவர்களில் நான்கு பேர் அடித்தும் விட்டார்கள். மண்ணைக் காக்க வந்த சான்றிதழுக்காக, என் பேச்சைக் கேட்டு.