திரைக்குள் பாடிய ஒப்பாரி

எங்கள் காசிமேட்டுத் தெருவில் இறந்தவருக்காக வாய்விட்டு அழாவிட்டால் அது மரியாதைக் குறைவு. மாரில் அடித்துக்கொண்டு, அவர் செய்த நல்லதையெல்லாம் சொல்லி அழ வேண்டும். அ, ஆ எழுதுவதற்கு முன்பே எனக்கு ஒப்பாரி தெரியும்.

நர்சிங் இரண்டாம் ஆண்டில் அதுவே எனக்கு வினையானது. என் வார்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்தாலே கிண்டல்தான். "இன்னாமே, ஊசி போட வந்தியா, வஞ்சிரம் வெட்ட வந்தியா?" ஒருநாள் காலை அவர் இறந்துபோனார். பக்கத்தில் சொந்தம் யாருமில்லை. அழ ஆளில்லையே என்று தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டேன். அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு மூச்சிரைத்தது. வார்டு சிஸ்டர் என்னை வெளியே இழுத்துவந்தார்.

"இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணா இந்த வார்டுப் பக்கமே வரக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படகில் வருபவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு நர்சம்மா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

ஹாஸ்டல் அறையில் என்னுடன் இருவர். கோட்டயத்துக்காரி வார்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

"கல்லாடி நீ?" என்று கேட்டேன்.

"ஞான் குளிக்கும்போ கரையும். பைப்பு திறந்தா அழற சத்தம் கேக்காது."

அவள் குளித்தால் வாளி ஏன் நிரம்பி வழிகிறது என்று அன்றுதான் புரிந்தது.

மிசோரத்துக்காரியின் ஊரில் சாவு வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடிப் பாடுவார்களாம். "அழுகை உண்டு. ஆனா பாட்டு நிக்காது" என்றாள்.

அடுத்த மாதம் வார்டில் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். உடலைத் துடைத்து உடுத்தும் வேலை எங்கள் மூவருக்கும் வந்தது. பச்சைத் திரையை இழுத்துவிட்டோம். கோட்டயத்துக்காரி தலை வாரினாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். வாய் திறந்தால் வார்டே அதிரும். என் முகத்தைப் பார்த்த மிசோரத்துக்காரி மெல்ல ஒரு மெட்டை முனகத் தொடங்கினாள். அந்த மெட்டுக்குள் என் ஒப்பாரியை ஒவ்வொரு சொல்லாக இறக்கினேன். "கண்ணு மையி கலையலியே, எங்கம்மா..."

திரை விலகியது. சிஸ்டர். நான் நிறுத்திவிட்டேன்.

அவர் அந்தப் பெண்ணின் சீவிய தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மெதுவா," என்று சொல்லிவிட்டு, திரையை மூடிக்கொண்டு போனார்.

இன்று நான் திருவொற்றியூரில் நர்ஸ். அவர்கள் இருவரும் எங்கெங்கோ இருக்கிறார்கள். அந்த மெட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அதன் சொற்களை மிசோரத்துக்காரியிடம் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.